மெலோடிகா – கிட்டார் இணையிசை: நிகழ்த்துதல், இசைக்கோப்பு, கருவிப் பராமரிப்பு

ஆய்வுச் சுருக்கம்

மூச்சால் ஊதி விசைப்பலகையால் இசைக்கப்படும் மெலோடிகாவும் ஆறு தந்திகளையுடைய கிட்டாரும் இணைந்து ஒலிக்கும் இருவர் இசையே இக்கட்டுரையின் பொருளாகும். நிகழ்த்துதல், இசைக்கோப்பு, பராமரிப்பு ஆகிய மூன்றும் தனித்தனிப் பணிகளாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. எனினும் இவ்விணையில் மூன்றையும் ஆள்வது ஒரே அடிப்படைதான். மெலோடிகாவின் சுருதியை அரங்கில் மாற்றவியலாது. கிட்டாரின் சுருதியை நொடிப்பொழுதில் மாற்றலாம். ஆகவே மாறக்கூடிய கருவி மாறாத கருவியைத் தொடர்ந்து நிற்றல் வேண்டும். இக்கருத்தை ஒலியியல் அளவுகள், சுர அடுக்கு எடுத்துக்காட்டு, பராமரிப்பு முறைகள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மெலோடிகா, கிட்டார், இணையிசை, இசைக்கோப்பு, சுருதி, விம்மல், உலோக நாக்கு, கருவிப் பராமரிப்பு.

முன்னுரை

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி எனத் தமிழ் மரபு இசைக்கருவிகளை ஐவகைப்படுத்தும். இப்பகுப்பில் கிட்டார் ஐயத்திற்கு இடமின்றி நரம்புக்கருவியாகும். மெலோடிகாவோ அவ்வாறு எளிதில் அடங்குவதில்லை. மூச்சால் ஊதப்படுதலின் அதனைத் துளைக்கருவி எனலாம். ஆயின் குழலில் காற்றுத்தம்பம் அதிர்ந்து சுருதியை உறுதி செய்கிறது; மெலோடிகாவில் ரீடு என வழங்கும் உலோக நாக்கின் அதிர்வே சுருதியை உறுதி செய்கிறது. விரல்களும் துளைகளை மூடித் திறப்பதில்லை. பியானோவினதைப் போன்ற கட்டைகளையே அழுத்துகின்றன. 1914இல் வெளியான ஹார்ன்போஸ்டல் – சாக்ஸ் பகுப்பு இத்தகைய கருவிகளைத் தடையின்றி அதிரும் நாக்குடைய காற்றிசைக் கருவிகள் என்னும் பிரிவில் வைக்கும். சீனத்தின் ஷெங், தாய்லாந்து – லாவோஸ் பகுதிகளின் கேன், ஆர்மோனியம், மவுத்தார்கன் ஆகியன இவ்வினத்தைச் சார்ந்தவை.

இன்று அறியப்படும் வடிவில் மெலோடிகாவை ஜெர்மனியின் டிராசிங்கன் நகரைச் சார்ந்த ஹோனர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்தியது. பின்னர் ஜப்பானில் மெலோடியன், பியானிகா என்னும் வணிகப் பெயர்களில் உருவான இதே வகைக் கருவிகள் தொடக்கப்பள்ளி இசைக்கல்வியில் இடம்பெற்றன. இப்பரவலே இதற்குச் 'சிறார் கருவி' என்னும் பெயரையும் தேடித் தந்தது எனலாம். எனினும் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1966இல் 'மெலோடிகா' என்னும் பெயரிலேயே ஒலிநாடாப் படைப்பொன்றை உருவாக்கினார். ஜமைக்காவின் அகஸ்டஸ் பாப்லோ 1970களில் ரெகே, டப் இசைகளில் இதனைத் தலைமைக் கருவியாக நிறுத்தினார். பிரேசிலின் எர்மெட்டோ பாஸ்கோலும் இதனைக் கையாண்டவர். ஆதலின் கருவியின் தரத்தைவிட அதனை அணுகும் முறையே இங்கு ஆய்விற்குரியதாகிறது.

மெலோடிகாவும் கிட்டாரும் இணைந்து ஒலிக்கையில் சுருதி கலையுமாயின், மெலோடிகா மலிவான கருவி என்பதே அதற்குரிய காரணமாகப் பெரிதும் சொல்லப்படுகிறது. அக்குறைகளில் பெரும்பாலானவை கருவியின் இயல்பை அறியாது இசைக்கோப்பு செய்வதாலும் பராமரிப்பின்மையாலும் எழுபவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

1. இரு கருவிகளின் ஒலியியல்பு

கிட்டாரின் ஒலி, தந்தியை மீட்டிய கணத்தில் உச்சம் பெற்று உடனே தேயத் தொடங்கும். மீட்டிய பின் அதன் வலிமையைக் கூட்ட இயலாது. மெலோடிகாவின் ஒலி மூச்சுள்ள வரையில் நிலைக்கும். கார்வையின் நடுவிலும் அதனைப் பெருக்கலாம், குறைக்கலாம். ஆயின் அழுத்தப்படும் கட்டைகள் அனைத்திற்கும் மூச்சு ஒன்றே. எனவே ஒரு சுரத்தை ஓங்கியும் மற்றொன்றைத் தணித்தும் ஒரே வேளையில் இசைக்க மெலோடிகாவால் இயலாது. கிட்டாரில் ஒவ்வொரு விரலும் தனித்தனி வலிமையுடன் மீட்டவல்லது. இவ்வாறு ஒன்றன் குறையை மற்றொன்றன் இயல்பு நிறைவு செய்கிறது.

மற்றொரு வேறுபாடு நுட்பமானது. மெலோடிகாவில் ஊதும் அழுத்தம் மிகுமாயின் சுருதி சற்றே இறங்கும். இவ்விறக்கம் தாழ்ந்த சுரங்களில் மிகுதியாகத் தோன்றும். கிட்டாரிலோ தந்தியை வன்மையாக மீட்டினால் அதன் இழுவிசை கணப்பொழுது கூடி, தொடக்கத்தில் சுருதி சற்றே ஏறிப் பின்னர் நிலைபெறும். இருவரும் ஒருசேர ஓங்கி இசைக்குமிடத்து ஒரு கருவி கீழ்நோக்கியும் மற்றொன்று மேல்நோக்கியும் விலகுகின்றன. மென்மையாக இசைக்கையில் ஒத்திருந்த இணை, பாடலின் உச்சப் பகுதியில் பிசிறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2. சுருதி சேர்த்தல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இசைக்கருவிகள் ஒன்றையொன்று பற்றித் தொடரும் வரிசையைக் கூறுமிடத்துக் குழலை முதலில் வைத்து, யாழ் அதனைப் பின்பற்றுவதாக அமைக்கிறது. அக்குழலும் மெலோடிகாவும் ஒன்றல்ல. எனினும் காற்றுக்கருவியை நரம்புக்கருவி தொடரும் அவ்வரிசை, இவ்விணைக்கு ஒலியியல் அடிப்படையிலும் பொருந்துவது நோக்கத்தக்கது. மெலோடிகாவின் சுருதியை மாற்றக் கருவியைப் பிரித்து உலோக நாக்கைச் சுரண்டவேண்டும். கிட்டாருக்கோ முறுக்காணியைத் திருகினால் போதும். ஆகவே கிட்டாரே மெலோடிகாவுக்கு இணங்குதல் வேண்டும்.

இவ்விணக்கத்தில் முதற்கண் அறியவேண்டியது அடிப்படை அதிர்வெண்ணாகும். சுருதி காட்டும் கருவிகளும் செயலிகளும் நடு ஸ்தாயியின் ஏ சுரத்தை, அதாவது ஏ4ஐ, 440 ஹெர்ட்ஸ் எனக் கொள்வது வழக்கம். ஆயின் மெலோடிகாக்களில் 442 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டவை பல உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 8 சென்ட். ஓர் அரைச்சுரம் 100 சென்ட் ஆகும். எண்ணளவில் இது சிறிதெனினும், இரு கருவிகளும் அச்சுரத்தில் ஒன்றுபட்டு நிற்கையில் நொடிக்கு 2 விம்மல்கள் எழும். எனவே செயலியின் அடிப்படையை முதலில் மெலோடிகாவுக்கு ஏற்ப மாற்றி, பின்னரே கிட்டாரைச் சேர்த்தல் தகும்.

சேர்க்கும் முறையும் கருதத்தக்கது. குளிர்ந்த மெலோடிகாவைச் சில மணித்துளிகள் மெல்ல ஊதி வெதுவெதுப்பாக்கவேண்டும். பின்னர் நிகழ்ச்சியில் ஊதும் இயல்பான வலிமையிலேயே ஏ4 சுரத்தை ஒலித்து அளவு காணவேண்டும். மிக மென்மையாக ஊதிக் காணும் அளவு, அரங்கில் ஒலிக்கும் சுருதியைவிடச் சற்று உயர்ந்திருக்கும்.

கிட்டார் கலைஞர் பலர் ஐந்தாம், ஏழாம் ஃபிரெட்டுகளின்மேல் தந்தியை மெல்லத் தொட்டெழுப்பும் மணியோசைச் சுரங்களைக் கொண்டு தந்திகளை ஒன்றோடொன்று சேர்ப்பர். இம்முறையில் அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே இயற்கையான நான்காம் சுர இடைவெளி, அதாவது 498 சென்ட், அமைகிறது. மெலோடிகாவின் உலோக நாக்குகளும் கிட்டாரின் ஃபிரெட்டுகளும் பின்பற்றுவதோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பகுதிகளாக்கும் முறை. அதில் அவ்விடைவெளி 500 சென்ட். ஒவ்வோர் இணையிலும் 2 சென்ட் குறைய, ஆறாம் தந்திக்கும் மூன்றாம் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்ட் பிழை திரள்கிறது. கிட்டார் தனித்து ஒலிக்குங்கால் இது புலப்படாது போகலாம். கார்வையுடைய மெலோடிகாவின் அருகில் புலப்பட்டே தீரும். ஆகவே ஒவ்வொரு தந்தியையும் மெலோடிகாவின் அடிப்படையில் தனித்தனியே அளந்து சேர்த்தலே ஏற்புடையது.

சுருதியை மாற்றவியலாத விசைப்பலகைக் கருவி குறித்த விவாதம் இந்திய இசைக்குப் புதியதன்று. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது; 1971இல் அத்தடை தளர்த்தப்பட்டது. நுண்சுருதிகளையும் கமகங்களையும் அக்கருவியால் தர இயலாது என்பது அன்றைய முதன்மையான வாதங்களுள் ஒன்று. மெலோடிகாவிற்கும் அவ்வரையறை பெரிதும் பொருந்தும். கட்டையைப் பாதியளவே அழுத்தி ஊதுவதால் சுருதியைச் சற்று இறக்கலாம். எனினும் அது தொடர்ந்த கமகத்திற்கு ஈடாகாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றும் வாய்ப்பு கிட்டாருக்கு உண்டு. எனவே சுரவளைவுகள் வேண்டுமிடங்களைக் கிட்டாருக்கும் நேர்நிலைச் சுரங்களை மெலோடிகாவுக்கும் பகிர்ந்தளித்தல் பொருத்தமாகும்.

3. இசைக்கோப்பு

3.1 ஒலியெல்லையும் மோதலும்

37 கட்டைகளையுடைய மெலோடிகா பொதுவாக எஃப்3 முதல் எஃப்6 வரை, அதாவது ஏறத்தாழ 175 ஹெர்ட்ஸ் முதல் 1,397 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும். 32 கட்டைக் கருவியின் மேலெல்லை சி6 ஆகும். கிட்டாரின் திறந்த தந்திகள் ஆறாவது தொடங்கி முறையே ஈ2, ஏ2, டி3, ஜி3, பி3, ஈ4. இவற்றுள் தாழ்ந்தது 82.4 ஹெர்ட்ஸ், உயர்ந்தது 329.6 ஹெர்ட்ஸ். இதனால் மெலோடிகாவின் கீழ் ஸ்தாயி, கிட்டாரின் நடுத்தந்திகள் ஒலிக்கும் அதே எல்லையில் விழுவதை அறியலாம். இருவரும் அவ்வெல்லையில் நெருங்கி இசைத்தால் கார்வையுடைய மெலோடிகா, தேய்ந்து செல்லும் கிட்டாரை மறைத்துவிடும்.

மற்றொரு குறிப்பும் இங்கு வேண்டப்படுகிறது. கிட்டாரின் இசைக்குறிப்பு அது ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுவது மரபு. மெலோடிகாவின் குறிப்பு ஒலிக்கும் இடத்திலேயே எழுதப்படும். தாளில் ஒன்றுபோல் தோன்றும் இரு வரிகள் ஒலியில் ஒரு ஸ்தாயி விலகியிருக்கும் என்பதை இசைக்கோப்பாளர் மறத்தலாகாது.

3.2 சுர அடுக்குகளைக் குறைத்தல்

கார்டு எனப்படும் சுர அடுக்கை ஆறு தந்திகளிலும் நிரப்பி மீட்டுவது தனிக்கிட்டாரின் வழக்கம். இணையிசையில் அடிச்சுரம், மூன்றாம் சுரம், ஏழாம் சுரம் ஆகிய மூன்றே போதும். அடுக்கின் இயல்பை அறிவிப்பவை இவையே. ஏ மைனரில் அமைந்த நான்கு அடுக்குகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஏ மைனர் ஏழு: ஏ2, சி4, ஜி4
டி மைனர் ஏழு: டி3, சி4, எஃப்4
ஜி ஏழு: ஜி2, பி3, எஃப்4
சி மேஜர் ஏழு: சி3, பி3, ஈ4

மேலிரு குரல்களும் முதல் இரண்டு தந்திகளிலேயே அமைகின்றன. ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்லுங்கால் ஒரு குரல் நிலைத்து நிற்க, மற்றது ஒரு படி மட்டுமே இறங்குகிறது. அடிச்சுரமோ கீழ்த்தந்திகளில் தனித்து நடக்கிறது. கிட்டாரின் உச்சச் சுரம் ஜி4ஐத் தாண்டாமையால் ஏ4க்கு மேற்பட்ட பரப்பு முழுதும் மெலோடிகாவின் இசைவரிக்கு உரியதாகிறது. மெலோடிகா கீழ் ஸ்தாயிக்கு இறங்கும் பகுதிகளில் கிட்டார் மேலிரு குரல்களை விடுத்து அடிச்சுரத்தை மட்டும் ஏந்தலாம். அன்றி உயர்ந்த ஃபிரெட்டுகளுக்கு ஏறிச் சிதறு சுரங்களாக மீட்டலாம். இடத்தை விட்டுக்கொடுப்பது இங்கும் கிட்டாரின் பணியாகவே அமைகிறது.

மெலோடிகாவில் மூன்றாம் சுர இணைகளை நீண்ட கார்வையாக நிறுத்துதல் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். இயற்கையான பெரிய மூன்றாம் சுர இடைவெளி 386 சென்ட். சம பகுப்பில் அது 400 சென்ட். இந்த 14 சென்ட் வேறுபாடு பியானோவிலும் கிட்டாரிலும் ஒலி தேய்வதால் மறைந்துபோகும். மெலோடிகாவில் தேயாது நின்று உறுத்தும். ஆகவே மூன்றாம் சுரத்தைக் கிட்டாரிடம் ஒப்படைத்து, மெலோடிகாவை ஒற்றை வரியில் நிறுத்துவது செவிக்கு இனிதாகும்.

ஜமைக்கா இசை இவ்வுத்தியைத் தெளிவாக உணர்த்துகிறது. பாப்லோவின் பதிவுகளில் கிட்டார் அடுக்குகள் எதிர்த்தட்டில் குறுகி ஒலித்து உடனே அடக்கப்படுகின்றன. மெலோடிகா அவ்விடைவெளிகளின்மேல் நீண்ட மைனர் சுரவரிகளை விரிக்கிறது. அங்கு பேஸ் கிட்டாரும் முரசுகளும் உடன் உள்ளன. எனினும் குறுகிய ஒலியும் நெடிய ஒலியும் காலத்தால் விலகி நிற்கும் அப்பங்கீடு, இருவர் இசைக்கும் முன்மாதிரியாகத் தகும்.

3.3 மூச்சின் அளவு

நான்கு எண்ணிக்கையுடைய நான்கு அளவைகள், மணித்துளிக்கு 80 தட்டு என்னும் காலப்பிரமாணத்தில் 12 நொடிகள் நீளும். ஒற்றைச் சுர வரியை இந்நீளத்திற்கு ஒரே மூச்சில் இசைத்தல் பயின்றோர்க்கு இயலும். மூன்று கட்டைகளை ஒருசேர அழுத்தினால் மூன்று வழிகளில் காற்று வெளியேறும்; கருத்தளவில் அதே மூச்சு 4 நொடிகளில் தீரும். ஆகவே மூச்செடுக்கும் இடங்களை இசைக்கோப்பிலேயே குறித்து, அவ்விடங்களில் கிட்டார் நிரப்பு வரிகளை அமைத்தல் வேண்டும். கேட்போர்க்கு அது மௌனமாக அன்றிக் கிட்டாரின் மறுமொழியாகவே தோன்றும்.

சுருதி நிலையைத் தெரிவு செய்தலும் இதனோடு தொடர்புடையது. கிட்டாருக்குத் திறந்த தந்திகள் மிக்க ஈ, ஏ, டி, ஜி ஆகியன எளியவை. மெலோடிகாவுக்கு வெள்ளைக் கட்டைகள் மிக்க சி, ஜி, எஃப், ஏ மைனர் எளியவை. ஜி மேஜர், ஏ மைனர், ஈ மைனர் போன்றவை இரண்டிற்கும் பொதுவாக இசைந்து வருவன. பிற நிலைகள் தேவைப்படின் கிட்டாரின் கழுத்தில் கேப்போவைப் பூட்டிக்கொள்ளலாம்.

4. நிகழ்த்துதல்

மெலோடிகாவை இருவகையில் இசைக்கலாம். குறுகிய ஊதுவாயைப் பொருத்தினால் இடக்கை கருவியைத் தாங்க, வலக்கை மட்டுமே இசைக்கும். நாவால் ஒலியை வெட்டுவது உடனுக்குடன் பலிக்கும். நெகிழ்குழாயைப் பொருத்திக் கருவியை மேசையில் வைத்தால் இரு கைகளும் இசைக்கலாம். ஆயின் குழாயில் தேங்கும் காற்றால் நாவின் வெட்டு சற்று மழுங்கும். ஒற்றை வரியே முதன்மையான இணையிசையில் முன்னது பெரிதும் பயனுடையது.

சுருதியில் மெலோடிகா முன்நிற்கக் காலத்தில் கிட்டார் முன்நிற்பது இவ்விணையின் மற்றோர் இயல்பாகும். மெலோடிகா கலைஞரின் வாய் கருவியில் பிணைந்திருப்பதால் அவரால் எண்ணித் தொடங்கவோ சொல்லால் குறிப்புணர்த்தவோ இயலாது. எனவே தொடக்க எண்ணிக்கையும் பகுதி மாற்றக் குறிப்பும் கிட்டார் கலைஞரிடமே அமைதல் நன்று. மெலோடிகா கலைஞர் மூச்செடுக்கும் அசைவு வரியின் நுழைவை உணர்த்தும் குறிப்பாகப் பயன்படும். ஆதலின் இருவரும் ஒருவரையொருவர் காணுமாறு சாய்வாக அமரவேண்டும்.

முன்னர்க் கூறிய எதிர்த்திசைச் சுருதி விலகலைக் கருதி, உச்சப் பகுதிகளில் இருவரும் ஒரே சுரத்தில் ஒன்றுபடுவதைத் தவிர்க்கலாம். ஒலியின் பெருக்கத்தை மீட்டும் வன்மையால் அன்றி, மீட்டும் அடர்த்தியால் கிட்டார் உணர்த்தலாம்.

ஒலிவாங்கி அமைப்பிலும் இயல்பறிதல் வேண்டும். மெலோடிகாவின் ஒலி ஒரு துளையினின்று அன்றி உடலின் நீளவாக்கில் பரவி எழுகிறது. ஒலிவாங்கியை மிக அண்மையில் வைத்தால் சில சுரங்கள் மட்டும் ஓங்கும், கட்டையோசையும் சேரும். ஒரு சாண் அளவேனும் விலக்கி நடுப்பகுதியை நோக்கி வைத்தல் நன்று. கிட்டாருக்கு ஒலித்துளையின் நேர்முன்னே வைப்பதைவிடக் கழுத்தும் உடலும் இணையுமிடத்தை நோக்கி வைப்பது அடியோசையின் மிகையைத் தவிர்க்கும்.

5. பராமரிப்பு

5.1 மெலோடிகா

மெலோடிகாவின் முதற்பகை ஈரம். வெதுவெதுப்பான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீர்த்துளியாகும். நாக்கில் படியும் துளி சுருதியை இறக்கும். சில வேளை ஒலியையே நிறுத்தும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் நீர் வெளியேற்றும் பொத்தானை அழுத்தி, கட்டைகளை அழுத்தாது ஊதி நீரை அகற்றவேண்டும். ஊதுவாயையும் குழாயையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, உலர்த்திய பின்னரே பெட்டியில் வைக்கவேண்டும். ஊதுவாயைப் பிறரோடு பகிர்தல் கூடாது. வெயிலில் நிற்கும் ஊர்தியினுள் கருவியை விட்டுவைத்தால் நெகிழி உடல் கோணவும், நாக்குத் தட்டுகளை ஒட்டும் பொருள் இளகவும் கூடும்.

கோளாறுகளை ஒலியால் இனங்காணலாம். கரகரப்பு, நாக்கின் இடுக்கில் தூசி சிக்கியதைக் காட்டும். கட்டையை அழுத்தாதபோதும் எழும் சீற்றொலி, காற்றடைப்புத் திண்டு சரியாக மூடாமையைக் காட்டும். மெதுவாகத் தொடங்கும் சுரம், நாக்கின் நுனி தட்டினின்று மிக உயர்ந்திருப்பதையும், வன்மையாக ஊதினால் அடங்கும் சுரம், அது மிகத் தாழ்ந்திருப்பதையும் குறிக்கும்.

நாள்பட்ட பயன்பாட்டில் உலோகம் சோர்வுற்றுச் சுருதி இறங்குவது இயல்பு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். ஆர்மோனியம் பழுது பார்ப்போர் கையாளும் நுட்பமும் இதுவே. மெல்லிய தகட்டை நாக்கின் அடியில் செருகித் தாங்கி, மிகச் சிறிதளவே சுரண்டி, கருவியை மீளப் பூட்டி ஊதிய பின்னரே அளவு காணவேண்டும். திறந்த நிலையில் காணும் சுருதி, பூட்டிய நிலையின் சுருதியோடு ஒத்திராது. சுரண்டிய உலோகம் மீளாது என்பதால் இது அடிக்கடி செய்யத்தக்கதன்று.

எச்சுரத்தை முதலில் திருத்துவது என்பதற்கும் ஒலியியலே விடை தருகிறது. 10 சென்ட் பிழையுள்ள சுரம் கிட்டாரோடு ஒன்றுபடுகையில் எஃப்3இல் நொடிக்கு ஏறத்தாழ 1 விம்மலும், ஏ4இல் 2.5 விம்மல்களும், ஏ5இல் 5 விம்மல்களும் எழும். ஒரே அளவுப் பிழையாயினும் மேல் ஸ்தாயியில் மிகுதியாக உறுத்தும். ஆகவே இசைவரி மிகுதியும் இயங்கும் மேல் நாக்குகளே திருத்தத்தில் முதலிடம் பெறவேண்டும். திருத்தும் வரையில், பிழையுள்ள சுரத்தைக் கிட்டார் இரட்டிக்காதவாறு கோப்பை மாற்றியமைக்கலாம். பராமரிப்பும் இசைக்கோப்பும் ஒன்றையொன்று சார்தலை இது காட்டுகிறது.

5.2 கிட்டார்

கிட்டாரின் பராமரிப்பு அன்றாடத் தன்மையது. எஃகுத் தந்திகளை ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பின்னும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். வியர்வையால் துருவேறிய தந்தி ஒரே சீரான பருமனை இழப்பதால், திறந்த நிலையில் சுருதி சேர்ந்தாலும் ஃபிரெட்டுகளில் விலகும். புதிய தந்திகள், சிறப்பாக நைலான் தந்திகள், சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னரே அவற்றை மாற்றிவிடவேண்டும்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தொட்டெழுப்பும் மணியோசையும் அதே ஃபிரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒத்திருக்கின்றனவா என ஒவ்வொரு தந்தியிலும் சோதித்தல் வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருப்பின் ஒலிக்கும் தந்தியின் நீளம் போதாது என்றும், தாழ்ந்திருப்பின் நீளம் மிகை என்றும் பொருள். மரத்திற்குரிய காற்றீரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு எனப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கடலோர நகரங்களில் ஈரப்பதம் இதனை எளிதில் கடப்பதால் மரம் பருத்து மேற்பலகை உப்பி, தந்திகள் உயரும். அழுத்தும் விசை கூடிச் சுருதியும் ஏறும். பெட்டியில் ஈரமுறிஞ்சும் பொதிகளை வைத்தல் இதற்கு எளிய தீர்வாகும்.

முடிவுரை

மெலோடிகா – கிட்டார் இணையில் சுருதியை மெலோடிகா நிறுவ, கிட்டார் அதனைத் தொடர்கிறது; ஒலியெல்லையில் மெலோடிகா இயங்குமிடத்தைக் கிட்டார் விட்டுக்கொடுக்கிறது; கார்வையை மெலோடிகா ஏற்க, காலத்தைக் கிட்டார் ஏற்கிறது; மெலோடிகா அரிதாகவும் ஆழமாகவும், கிட்டார் அன்றாடம் எளிமையாகவும் பராமரிக்கப்படுகின்றன. இவையனைத்தும் மாறக்கூடியது மாறாததைத் தொடர்தல் என்னும் ஒரே அடிப்படையின் விளைவுகளே. இவ்வடிப்படையைப் பேணும் இடத்தில் எளிய விலைக் கருவியும் செம்மையாக ஒலிக்கும். பேணாத இடத்தில் விலையுயர்ந்த கருவியும் பிசிறும். எனவே மெலோடிகாவைச் சிறார் கருவி என விலக்குதற்குச் சுருதிக்குறை தக்க காரணமாகாது.

கருவியைப் பழுது பார்க்கும் அறிவு இசையறிவின் புறத்தே நிற்பதன்று என்பதும் இவ்வாய்வால் பெறப்படும். உலோக நாக்கின் நுனியைச் சுரண்டுவதா அடியைச் சுரண்டுவதா என அறிந்த ஆர்மோனியப் பழுதுநீக்குநரின் கைப்பழக்கம், விம்மலைக் கணிக்கும் இயற்பியலோடும் சுர அடுக்கை அமைக்கும் இசைக்கோப்போடும் ஒரே தளத்தில் வைத்து எண்ணத்தக்கது. அவர்தம் தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் களஆய்வின்வழித் தொகுத்துத் தமிழில் ஆவணப்படுத்துதல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.